பத்து நிமிஷப் பாடமும் பதினெட்டு மணி நேரமும்

(சிறுசேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினி வித்தையைப் பற்றிப் பேசுவதற்குச் சிறுசேரியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகந்தான். சிப்காட் வளாகத்துக்குள் காலையில் நுழைகிற பேருந்துகளில் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு மென்பொருளை ஆக்குகிறவர்கள், அல்லது காப்பவர்கள், அல்லது பரிசோதிப்பவர்கள். அதே வளாகத்தில், தியாகராய நகரிலிருந்து 2005-ஆம் ஆண்டில் இங்கே குடிபெயர்ந்த சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. அதன் பேராசிரியர் மாதவன் முகுந்த் அவர்கள் பைத்தான் மொழியைக் கற்பித்து நடத்திய பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்தியா முழுவதும் சென்று, அவரை நேரில் ஒருபோதும் கண்டிராத மாணவர்களுக்கு அவரை ஆசிரியராக ஆக்கியிருக்கின்றன. ஆனால் இதே வளாகத்தின் மதிலுக்கு வெளியே, தாழம்பூரிலும் படூரிலும் ஏகாட்டூரிலும், ஒரு கணக்கைக் கணினியில் எழுதிக் கூட்டுவதற்குத் தாய்மொழியில் சொல்லித் தருவார் இல்லாமல் நிற்கிற பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாலிடெக்னிக் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அவர்களுக்காகத் திரைப்பாடங்கள் செய்வதையே என் காரியமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரைப்பாடம் என்று நான் சொல்வது கணினித் திரையில் நடப்பதை அப்படியே படமாகப் பதிந்து, கூடவே குரலால் விளக்கிச் சொல்லுகிற பாடம். 2004-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் உடெல், அப்பொழுது பரவத் தொடங்கியிருந்த இந்த வகைக்கு ஒரு பெயர் சொல்லும்படி தம் வாசகர்களைக் கேட்க, வந்த பெயர்களுள் 'ஸ்கிரீன்காஸ்ட்' என்பது நிலைத்துவிட்டது. தமிழில் நான் வைத்துக்கொண்ட பெயர் திரைப்பாடம். இதைவிட நல்லதொன்றை யாராவது சொன்னால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.

இந்தக் காரியத்தில் இறங்க விரும்பி என்னிடம் வருகிற இளைஞர்கள் முதலில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், எந்த மைக் வாங்கலாம்? எந்த சாஃப்ட்வேர் நல்லது?" கேள்வியில் தவறில்லை, ஆனால் ஒரு வீடு கட்ட நினைப்பவன் மனையையும் கொத்தனாரையும் விட்டுவிட்டுக் கரண்டியின் விலையை விசாரிப்பது போன்றது அது. செலவு வேறிடத்தில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை, நான் எழுதி வைத்திருக்கிற நாட்குறிப்பைக் கொண்டே உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

லிப்ரேஆபீஸ் கால்க் என்னும் இலவச மென்பொருளில் வீட்டுச் செலவுக் கணக்கை எழுதிக் கூட்டுவது எப்படி என்பதற்கு நான் செய்த பாடம் பத்து நிமிஷம் ஓடுகிறது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு, எதைச் சொல்வது எதை விடுவது என்று யோசித்துச் செய்து பார்த்ததில் மூன்று மணி நேரமும், வசனத்தை எழுதியதில் நான்கு மணி நேரமும், எழுதியதை ஒரு புதியவரிடம் கொடுத்துப் பரீட்சை பார்த்ததில் ஒன்றரை மணி நேரமும், ஒத்திகையில் ஒரு மணியும் கழிந்தபிறகுதான் பதிவு என்பதே தொடங்கியது. குரல் பதிவு ஒன்றரை மணி, திரைப்பதிவு ஒரு மணி, இரண்டையும் வெட்டி இணைத்ததில் நான்கு மணி, போட்டுப் பார்த்துத் திருத்தியதில் இரண்டு மணி. ஆக மொத்தம் 18 மணி நேரம். பார்க்கிறவரின் ஒரு நிமிஷத்துக்கு என்னுடைய 108 நிமிஷம். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மைக்கின் பொத்தானைத் தொடுவதற்கு முன்னரே ஒன்பதரை மணி நேரம், அதாவது பாதிக்கு மேல், சென்றுவிட்டது. பழக்கம் ஏற ஏறப் பதிவுக்கும் இணைப்புக்கும் ஆகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. யோசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஆகிற நேரம் மட்டும் குறையவே இல்லை. குறைக்க முயன்ற பாடங்கள் எல்லாம் பின்னால் திரும்பச் செய்யப்பட்டவை.

எழுதுகிற முறையை நான் கற்றுக்கொண்ட இடத்தை நன்றியுடன் சொல்ல வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் ரசாயனப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்கள், மத்திய அரசாங்கத்தின் தேசியக் கல்வி இயக்கம் ஒன்றின் பொருளுதவியைக் கொண்டு உருவாக்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், திரைப்பாடம் செய்வதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கி வைத்திருக்கிறது. பாடம் ஏறக்குறையப் பத்து நிமிஷம் இருக்க வேண்டும். வசனத்தை இரண்டு பத்திகளாக எழுத வேண்டும். இடப்பக்கம் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது, வலப்பக்கம் அப்போது என்ன சொல்ல வேண்டும் என்பது. எழுதியதை அந்தத் துறையை அறிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். அதன்பின் அந்தத் துறையை அறியாத ஒருவர் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும். கற்கிறவரோ, திரையில் ஒரு பக்கம் பாடத்தை ஓடவிட்டு, மறுபக்கம் மென்பொருளைத் திறந்து வைத்து, கேட்டதை அப்போதே தம் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும். ஆசிரியர் அருகில் இல்லாத குறையைத் தீர்க்க இவ்வளவு எளிய ஏற்பாட்டை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

அறியாதவரைக் கொண்டு பரீட்சை பார்க்கும் அந்தக் கட்டத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்டுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கணக்குப் பாடத்தின் வசனத்தைத் தாழம்பூரிலிருந்து வரும் ஒரு மாணவியிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டாவது வரிவரை தடையின்றிப் போனாள். "கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்ற வரியில் நின்றுவிட்டாள். வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு மெல்ல, "எங்க சார் சேமிக்கறது?" என்று கேட்டாள். முப்பது வருஷமாக நான் கோப்புகளைச் சேமித்துவருகிறேன்; சேமிப்பதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதெல்லாம் என் விரல்களுக்குத் தெரிந்து, என் நினைவுக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த ஒரு கேள்விக்காக நான் சேர்த்த பகுதி ஒன்பது விநாடி. அதை எழுத, அதற்கேற்பப் பின்வரும் காட்சிகளை மாற்ற, எனக்கு ஆனது இரண்டு மணி நேரம். என் உழைப்பில் இதைக் காட்டிலும் பிரயோஜனமாகக் கழிந்த இரண்டு மணி வேறு இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

பாடத்தின் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சியாளர் பிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு நிமிஷத்துக்கு உட்பட்ட பாடங்களிலேதான் மாணவர் மனம் கடைசிவரை நிற்கிறது என்பதும், ஆதலால் ஆசிரியர்கள் பதிவுக்கு முன்னால் பாடத்தைத் திட்டமிடுவதில் மிகுந்த உழைப்பைச் செலுத்த வேண்டும் என்பதும் அவர்களுடைய அபிப்பிராயம். என் பத்து நிமிஷப் பாடத்தையும் இப்போது இரண்டாகப் பிரித்துத்தான் கொடுக்கிறேன்.

இனி உபகரணங்களுக்கு வருவோம். இவற்றைப் பற்றி நீட்டிப் பேச அவசியமில்லை. திரையைப் பதிய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ, குரலைப் பதியவும் துப்புரவாக்கவும் ஆடாசிட்டி, வெட்டி இணைக்கக் கேடென்லைவ். மூன்றும் சுதந்திர மென்பொருள்கள், விலை ஒரு ரூபாயும் இல்லை. மடிக்கணினி 48,000 ரூபாய்க்கும், மைக் 3,200 ரூபாய்க்கும், ஹெட்ஃபோன் 1,100 ரூபாய்க்கும் வாங்கினேன். இவை ஐந்து வருஷம் உழைக்கும் என்றும், வருஷத்துக்கு 40 பாடம் செய்கிறேன் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு பாடத்தின் தலையில் விழுகிற உபகரணச் செலவு சுமார் 260 ரூபாய். மின்சாரம், மடிக்கணினி 50 வாட் இழுக்கிறது என்று கொண்டால், 18 மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இப்போது உழைப்புக்கு வாருங்கள். படூரில் ஒரு கொத்தனாருக்கு எட்டு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய்க் கூலி என்று குறைவாகவே வைத்து, அதே கூலியை எனக்கும் போட்டுக்கொண்டால், 18 மணிக்கு 2,250 ரூபாய் ஆகிறது. உபகரணம் அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் திரைப்பாடம் செய்யச் சொல்லி என்னிடம் வந்த ஸ்தாபனம் ஒன்று, கருவிகள் வாங்கித் தர உடனே சம்மதித்தது, வசனம் எழுதுவதற்கு ஊதியம் என்றவுடன், "எழுதுவதற்கு என்ன சார், தெரிந்த விஷயந்தானே?" என்று கேட்டது. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவருக்குத் தெரியும்படி சொல்வதுதான் வேலை என்பதை அவர்களுக்கு என்னால் விளங்க வைக்க முடியவில்லை.

கருவிகளுக்குள் விலையைப் பாராமல் கவனம் செலுத்த வேண்டியது மைக் ஒன்றுக்குத்தான். படம் சற்று மங்கலாக இருந்தாலும் மாணவன் பொறுத்துக்கொள்வான். குரல் இரைந்தால் எழுந்து போய்விடுவான். ஆனால் நல்ல மைக்குக்கும் மேலானது நல்ல மௌனம். அந்த மௌனம் இந்தப் பிரதேசத்தில் கிடைப்பது எவ்வளவு அருமை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் தண்ணீர் லாரிகள் ஓடுகிற ஓட்டமும், மாதவரத்திலிருந்து சிப்காட் வரை வரப்போகிற மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் எழும்புகிற இரைச்சலும், அடுக்குமாடி வீடுகளில் காலை ஏழு மணிக்கு மேல் மாறி மாறி எழுகிற குக்கர் விசிலும் ஓய்ந்திருக்கிற நேரம் விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் படுக்கையறையின் ஜன்னல்களைச் சாத்தி, சுவரோரம் மெத்தையை நிறுத்தி, கதவின் மேல் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். வைகாசி மாதத்தில் மின்விசிறி இல்லாமல் அடைத்த அறையில் இருபது நிமிஷத்துக்குமேல் உட்கார முடியாது. ஆகையால் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பதிகிறேன். சித்திரையில் வேறொரு சிரமம் உண்டு. விடிவதற்கு வெகு நேரம் முன்பாகவே பக்கத்து வேப்பமரத்தில் குயில் கூவத் தொடங்கிவிடும். அதன் குரலை ஆடாசிட்டியில் நீக்க முயன்றேன். இடைவிடாமல் ஒரே சீராக இரைகிற மின்விசிறியின் ஒலியை அந்த மென்பொருள் அடையாளம் கண்டு குறைத்துவிடுகிறது. ஏறி இறங்கி விட்டுவிட்டுக் கூவுகிற குயிலை அதனால் பிடிக்க முடியவில்லை. இரண்டு பாடங்களில் அந்தக் குயில் இன்னும் இருக்கிறது.

கோப்பின் அளவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லி மேலே போகிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கு மாணவனின் பணத்தைத் தொடுகிறது. 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட். விநாடிக்கு 30 சட்டம், அதாவது 30 நிலைப்படம். சுருக்காமல் வைத்தால் பத்து நிமிஷப் பாடம் 112 ஜிகாபைட் ஆகும். அது சில பத்து மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடுவதற்குக் காரணம், சுருக்குகிற முறை ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே பெரும்பாலும் எழுதி வைப்பதுதான். திரைப்பாடத்தில் பெரும்பாலும் திரை அசையாமல் நிற்கிறது; அசையாத திரைக்கு விலை ஏறக்குறைய இல்லை. காரணமில்லாமல் சுட்டியை இங்கும் அங்கும் அலைய விடுவதும், பக்கத்தை மேலும் கீழும் உருட்டுவதும், அழகுக்கென்று பின்னணியில் எதையாவது ஓட விடுவதும் கண்ணைக் குழப்புவதோடு, நாளுக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கிய டேட்டாவைக் கொண்டு கைப்பேசியில் கற்கிறவளின் பையிலிருந்து எடுத்துச் செலவழிப்பதும் ஆகும். விநாடிக்கு 15 சட்டம் என்னுடைய பாடங்களுக்குப் போதுமாயிருக்கிறது. எழுத்தை மட்டும் கைப்பேசியில் தெரியும்படி இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொள்கிறேன்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது தமிழைப் பற்றியது. ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் ஒரு பாடத்தை முதலில் ஆங்கிலத்தில் செய்து, பிறகு அதே படத்தின் மேல் இந்திய மொழிகளில் குரல் கொடுக்கிறார்கள். அதற்கென்று எந்த விநாடியில் எந்த வாக்கியம் என்று நேரம் குறித்த பிரதி தயாரிக்கிறார்கள். ஒரே படம் இருபத்திரண்டு மொழிகளுக்குப் பயன்படுகிறது என்றால் அதனால் மிச்சமாகிற உழைப்பு சாமானியமானதல்ல. அந்த வழி இல்லையென்றால் தமிழில் இன்றிருக்கிற பாடங்களில் பெரும்பகுதி வந்திராது. ஆனால் குரல் கொடுக்கிறவர் படுகிற பாட்டை நான் அனுபவித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'க்ளிக்' என்ற ஏவல் முதலில் வந்துவிடுகிறது. எதை என்பது பின்னால் வருகிறது. தமிழில் "ஃபைல் மெனுவைச் சொடுக்குங்கள்" என்கிறோம். இடம் முன்னே, செயல் பின்னே. ஆங்கில வாக்கியத்துக்கு இசைய நகர்த்திய சுட்டி சொடுக்கி முடித்து, மெனுவும் திறந்துவிட்ட பிறகு, தமிழ்க் குரல் 'சொடுக்குங்கள்' என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. கண் ஒன்றைக் காண, காது வேறொன்றைக் கேட்கிறது. கற்கிறவர் எதை நம்புவார்?

தமிழிலேயே யோசித்து, தமிழ் வாக்கியத்துக்கு இசையச் சுட்டியை நகர்த்தினால் இந்தக் கஷ்டம் நீங்குவது மட்டுமல்ல, நம் மொழியின் கிரமமே ஆசிரியனுக்குத் துணையாக வந்து நிற்கிறது. ஃபைல் மெனு என்று சொல்லும்போது சுட்டி அங்கே போய் நிற்கும். மாணவியின் கண்ணும் அங்கே போய்விடும். வினைமுற்று வந்தவுடன் சொடுக்கு விழும். இடத்தைக் காட்டிவிட்டுப் பிறகு காரியத்தைச் செய்வது, வீட்டில் ஒரு தாய் பிள்ளைக்குக் கோலம் போடச் சொல்லித் தருகிற முறை. வாக்கியமே அதைச் செய்துவிடுகிறது. ஆனால் நம் மொழியில் ஓர் இடைஞ்சலும் உண்டு: "கோப்பைத் திறந்து, முதல் வரியைத் தேர்ந்து, நகலெடுத்து, கீழே ஒட்டுங்கள்" என்று வினையெச்சங்களை அடுக்கி நாலு காரியங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மேடைக்கும் புத்தகத்துக்கும் அது சிறப்பு. திரைப்பாடத்தில் வாக்கியம் முடியுமென்று காத்திருக்கிறவர் நாலு காரியத்தையும் தவறவிடுகிறார். ஆகவே காரியத்துக்கு ஒரு வினைமுற்று என்பது நான் வைத்துக்கொண்ட விதி. "கோப்பைத் திறவுங்கள். முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள்." இப்படியே.

சொற்களைப் பற்றி என்னோடு பலர் சண்டை போட்டிருக்கிறார்கள். திரையில் மெனு ஆங்கிலத்தில் இருக்கையில், நான் வாயால் வேறு பெயரைச் சொன்னால் கற்கிறவள் அதைத் தேடித் திரையெங்கும் அலைவாள். எனவே திரையில் எழுதியிருப்பதை எழுதியபடியே சொல்கிறேன். அதை விளக்கும்போதும், ஏன் என்று சொல்லும்போதும் தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்து உபயோகிக்கிறேன். இந்தத் தேடல் புதிதல்ல: அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியில் தமிழ் வளர்ச்சிக் கழகமும், பிரதம ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் அவர்களும் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தபோது, கலைச்சொற்களோடு எவ்வளவு பொறுமையாக மல்லுக்கட்டியிருப்பார்கள் என்பதை அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிற எவரும் உணரலாம். அந்தப் பொறுமைக்கு வேண்டிய காலத்தையும் பொருளையும் அன்றைய பெரியோர்கள் கொடுத்தார்கள். இன்று ஒரு நிறுவனம் தன் புதிய ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கச் செய்கிற செலவில் சிறு பங்கைத் தமிழ் வசனம் எழுதுகிறவரின் கூலிக்கு ஒதுக்கினால், இந்தச் சிப்காட்டின் நிழலிலேயே நூறு நல்ல பாடங்கள் எழும். மைக் வேண்டாம், கூலி கொடுங்கள் என்று இங்குள்ள நிறுவனங்களை நான் பகிரங்கமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று இருக்கிறது. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பதிப்பில் இடப்பக்கம் இருந்த பொத்தான் அடுத்த பதிப்பில் வலப்பக்கம் போய்விடுகிறது. என் பாடம் அன்றோடு பழையதாகிறது. ஆரம்பத்தில் முடிந்த பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மூலப் பதிவுகளை அழித்துவிடுவேன். அதனால் ஒரு பொத்தானுக்காகப் பத்து நிமிஷத்தையும் மறுபடி செய்ய நேர்ந்தது. இப்போது குரல் வேறாகவும், திரைப்பதிவு வேறாகவும், வசனம் வேறாகவும், பாடத்துக்கு ஒரு கோப்புறையாகக் காப்பாற்றி வைக்கிறேன். சுருக்காத ஒற்றைக் குரல் பதிவு பத்து நிமிஷத்துக்கு 53 மெகாபைட்தான். அதை வைத்திருக்கப் பெரிய இடம் வேண்டியதில்லை. மாறிய காட்சியை மட்டும் பதிந்து, பழைய குரலின் கீழ் செருகிவிட்டால் மூன்று மணியில் வேலை முடிந்துவிடுகிறது.

கணக்குப் பாடத்துக்கும் இப்போது அந்த நிலை வந்திருக்கிறது. புதிய பதிப்பில் சேமிக்கிற பெட்டியின் தோற்றம் மாறிவிட்டது. அந்த ஒன்பது விநாடியை மறுபடி பதிய வேண்டும். தாழம்பூர் மாணவி இப்போது நாவலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அந்தப் பகுதிக்குக் குரல் கொடுக்க அவளையே கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குத் தன் தாயாருடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.